மூடக் கூடாத போல்ட்

1

குஹ்மோ என்ற வடதேசத்து ஊரின் காட்டோரத்தில், எங்கள் வேட்டைக் குடிலில் எல்க் மான் சூப் கிண்டிக்கொண்டிருந்தபோது இந்தக் கதை என் காதில் விழுந்தது. ஹெல்காவும் அவள் கணவன் தாவியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனி மூடிய அக்டோபர்க் காலையில், தனிமையான ஒரு...’

(வேண்டாம். எந்தக் கதையிலும் கழற்றி மாட்டக்கூடிய வாக்கியம்.)

2

பத்து வருடமாக ஹெல்கா நாயோடு போய் மானைக் கலைத்துவிடுகிறவள். இந்த வசந்தத்தில்தான் சுடும் தேர்வில் தேறினாள். சீட்டுப் போட்டதில், மானுக்காகக் காத்து நின்று சுடுகிற குளத்தோர நிலை அவளுக்கு விழுந்தது. விடிந்தால் வேட்டை. துப்பாக்கியைத் துடைத்துச் சரிபார்க்கையில், தோட்டாவின் முதுகில் குத்துகிற ஊசி முறிந்திருந்தது.

தாவி ஓடிப்போய், யாரிடமோ பழைய போல்ட் ஒன்றை, ஊசியோடு இழுத்து மூடுகிற அந்த முழுப் பாகத்தையே, வாங்கி வந்துவிட்டான்.

“அதே பிராண்ட், அதே மாடல். வெண்ணெய் மாதிரி மூடுது பாரு!”

“மூடும். இதுல போட்டிருக்கிற எண்ணைப் பார்த்தியா? என் போல்ட்ல இருக்கிற எண்தான் என் துப்பாக்கிலயும் இருக்கு. இதுல வேற.”

“எண்ணா சுடப்போகுது?”

(வேறு துப்பாக்கி இரவல் வாங்கலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். “கோடை பூரா இதோட பழகியிருக்கேன். பழகாத துப்பாக்கியால காயப்பட்டு ஓடுற மானுக்கு நீயா பதில் சொல்லுவே? போய் சூப்பைக் கிண்டு” என்றாள்.)

3

முதல் வரைவில் தாவியை முட்டாளாக எழுதினேன். அதை அடித்துவிட்டேன். மனைவி நிலையில் நிற்பதைப் பார்க்க அவளைவிட அவன்தான் துடித்தான். அவசரப்பட்டான், அவ்வளவுதான்.

நாங்கள் மூவரும் போய்ச் சேர்ந்தபோது, துப்பாக்கி பழுதுபார்க்கும் ஐலா கடையை அடைத்துக்கொண்டிருந்தாள். காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, தோட்டா வடிவில் இரண்டு எஃகுத் துண்டுகளை எடுத்து வைத்தாள். துப்பாக்கிக்குள் போட்டால், ஒன்றின் மேல் போல்ட் மூட வேண்டும். சற்றே நீளமான மற்றதன் மேல் மூடவே கூடாது. மூடினால் தோட்டாவுக்குப் பின்னே இடைவெளி அதிகம், சுடும்போது உறை கிழிந்து முகத்தில் அடிக்கலாம்.

தாவியின் போல்ட் முதலாவதன் மேல் மூடியது. இரண்டாவதன் மேலும், வெண்ணெய் மாதிரியே, மூடியது.

தாவி தன் கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

“நல்ல கம்பெனி, தாவி. அதான் ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்தத் துப்பாக்கிக்கே இழைச்சு எண் போட்டிருக்கான்” என்றாள் ஐலா. “மோசமான பொருளா இருந்தா எந்தப் போல்ட்டும் எந்தத் துப்பாக்கிலயும் ஆடிக்கிட்டே உட்காரும்.”

எனக்கு அந்தக் கம்பெனி மேல் மரியாதை வந்தது அப்போதுதான். துப்பாக்கியின் பளபளப்பான மரப்பிடியைப் பார்த்தும் விலையைப் பார்த்தும் தரம் சொல்லிவிடுவோம். எதைத் தன்னோடு சேர்க்கக் கூடாது என்று தானே சொல்லிவிடும் பொருளை நான் அதிகம் பார்த்ததில்லை.

“அப்ப இதைத் தூக்கிப் போட்டுடவா?” என்றான் தாவி.

“ஏன்? ஊசி நல்லாத்தானே இருக்கு.”

அந்த ஊசியைக் கழற்றி ஹெல்காவின் சொந்தப் போல்ட்டில் பொருத்தினாள். முனை எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்தாள். கடைக்குப் பின்னே இருந்த திடலில் ஹெல்கா சுட்டுப் பார்த்தாள். குறி பிசகவில்லை.

“பார்த்தியா, நான் வாங்கினதுதான் உதவுச்சு!”

“ஆமா ராசா. முழுசா மாட்டியிருந்தா மூஞ்சிக்கும் உதவியிருக்கும்” என்றாள் ஹெல்கா.

4

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் ஒரே குண்டில் மான் விழுகிறது, தாவி அழுகிறான். மற்றதில் மான் தப்பிக்கிறது, ஹெல்கா சிரித்துக்கொண்டே...

இரண்டு முடிவுமே வெண்ணெய் மாதிரி மூடின. ஐலாவின் கடைக்குப் போய் வந்த பிறகு அப்படி மூடுவதைக் கண்டாலே எனக்குப் பயம்.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான். குளத்தின் மேல் மூடுபனி. நாய் குரைப்பு நெருங்குகிறது. நாயோடு ஓடிவரும் தாவி கைரேடியோவில் மூச்சிரைக்கிறான்: “ஹெல்கா, உன் பக்கம்தான் வருது.” அவள் தன் எண்ணுள்ள போல்ட்டை மூடுகிறாள்.

இதற்குமேல் பொருந்துகிற பாகம் என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் மாட்டுங்கள். முதலில் அளந்து பாருங்கள். அங்கே நிற்பது ஹெல்கா.