ஈச்சமடுவில் ஒரு தேளி

தண்ணீர் இல்லாத ஓடையில், வலை இல்லாமல், தூண்டில் இல்லாமல், குதிகாலால் மீன் பிடித்த மனிதன் இந்த உலகத்தில் ஒருவன்தான். அவன் ஒத்தக்கடையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறான். பெயர் தங்கப்பாண்டி. அது நான்தான். மீன் நாலு கிலோ இருக்கும். சரி, ஒரு முழம் இருக்கும். ரொம்பக் கறாராகக் கேட்டால் பென்சில் நீளம். ஆனால் சீவாத புதுப் பென்சில்.

நீர்வளத் துறை அலுவலகம் ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் தட்டச்சராக இருந்தேன். வைகையில் முதலை வந்திருக்கிறது என்று சொல்லி ஒரு செக்‌ஷனையே பாலத்துக்கு ஓட வைத்தவன். அதனால் நான் மழை பெய்கிறது என்று சொன்னால்கூட, நனைந்துகொண்டிருப்பவன் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவான்.

எனக்குச் சர்க்கரை. முழங்காலுக்குக் கீழே இருப்பவை என் கால்கள்தான் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்கிறேன். டாக்டர் பாதத்தில் ஊசிமுனையை வைத்து, "தெரியுதா?" என்பார். "திருச்சி வரைக்கும் தெரியுது சார்" என்பேன். இரண்டு வருஷத்துக்கு முன் என் மனைவி பாண்டியம்மாள் போன பிறகு அந்த மரமரப்பு மேலேயும் ஏறிவிட்டது. காரியத்தன்று எல்லோரும் அழுதார்கள். நான் பந்தலில் எத்தனை நாற்காலிக்குக் கை உடைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாலு. இதில் மிகை கிடையாது.

போன மே மாதம் பவதாரிணி என்கிற பெண் என் வீட்டு அழைப்பு மணியை அடித்தாள். மதுரையைச் சுற்றியுள்ள ஓடைகளில் என்னென்ன மீன், நத்தை, பூச்சி வாழ்கிறது என்று நான்கு மாதமாக வலை போட்டுப் பார்த்து எழுதுகிற வேலை. துறையின் பழைய வகைப்பாட்டு அட்டவணையோடு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அந்த அட்டவணைப்படி ஓடைகள் நான்கு வகை. சரிவு, அகலம், அடிமண், எத்தனை மாதம் தண்ணீர் ஓடும் என்பதை வைத்துப் பிரித்தது. முதல் வகை, மீன் செழிக்கும் ஓடை. நான்காம் வகை, உயிரே இல்லாதது. அதை மூடிக் குழாய் பதிக்கலாம்.

"பொருந்தவே மாட்டேங்குது சார்" என்றாள். "முதல் வகையில வலை போட்டா சாக்கடையும் பாலித்தீனும்தான் வருது. நாலாம் வகையில பத்து இடத்துல மீன் துள்ளுது. அந்தப் பத்து இடத்துக்கும் பதிவேட்டுல 'மடை'ன்னு போட்டிருக்கு. போய்ப் பார்த்தா அங்க மடையே இல்ல. ஆழமான பள்ளம் இருக்கு."

பதிவேட்டின் நகலை நீட்டினாள். ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் தட்டச்சர் சுருக்கொப்பம்: த.பா.

பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. தொண்ணூற்றேழில் என் தட்டச்சுப் பொறியில் 'டு' என்ற எழுத்து கெட்டுப்போயிருந்தது. அடித்தால் காகிதத்தில் ஈயை நசுக்கிய மாதிரி கறை விழும். பழுது பார்க்கச் சொல்லி மனுக் கொடுத்தேன். அந்த மனுவிலும் ஈதான் விழுந்தது. அதனால் அந்த வருஷம் முழுவதும் 'டு' இல்லாமலே அரசாங்கத்தை நடத்தினேன். 'ஆண்டு' வந்தால் 'வருஷம்'. 'இரண்டு' வந்தால் எண்ணில் 2. 'மடு' வந்தபோது, இதுவும் தண்ணீர் சமாச்சாரம் அதுவும் தண்ணீர் சமாச்சாரம் என்று 'மடை' அடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மடை என்றால் தண்ணீரைத் திறந்துவிடுகிற வாய். திறந்தால் ஓடிவிடும், மிச்சம் இருக்காது; அதனால்தான் அந்த ஓடைகள் நான்காம் வகைக்குப் போயிருக்கின்றன. மடு என்றால் ஓடைக்குள் இருக்கும் ஆழமான பள்ளம். கோடையில் மேலே வறண்டாலும் அடியில் ஈரம் நிற்கும். மீன் அங்கேதான் ஒண்டிக் கிடக்கும். நான் ஒரு எழுத்தை மாற்றி, பதினொரு இடத்து மீன்களுக்கு இறப்புச் சான்றிதழ் அடித்திருக்கிறேன்.

"பத்துதானே சொன்ன? இங்க பதினொண்ணு இருக்கு."

"பதினொண்ணாவது இங்க பக்கத்துலதான் சார். ஈச்சமடை ஓடை. நான் போனப்ப காஞ்சு கிடந்துச்சு, வலையே போட முடியல. வெள்ளிக்கிழமை கடைசிப் பார்வை. நாலாம் வகைன்னு உறுதியாயிட்டா மூடிருவாங்க."

வெட்கம் வர வேண்டிய இடம் அது. வந்ததா என்று உள்ளே தொட்டுப் பார்த்தேன், டாக்டர் ஊசியால் தொடுகிற மாதிரி. ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை போனேன். தப்பு என்னுடையது என்று தெரிவதற்கு உணர்ச்சி தேவையில்லை, சுருக்கொப்பம் போதும்.

ஈச்சமடு ஓடைப் பாலத்தின் ஓரத்தில் அன்னக்கொடி டீக்கடை வைத்திருக்கிறாள். மழைக்காலத்தில் ஓடையில் கூடை வைத்துத் தேளி பிடித்து விற்பாள். அந்த நாலு மாத மீனில்தான் மகளைக் கல்லூரியில் படிக்க வைக்கிறாள். தேளி தெரியுமல்லவா? கறுப்பாக, மீசையோடு, செவுளுக்குப் பக்கத்தில் முள்ளோடு இருக்கும். குத்தினால் தேள் கொட்டிய மாதிரி.

"மூடிட்டா நான் எங்கிட்டுண்ணே போவேன்?" என்றாள் அன்னக்கொடி.

"நான் இருக்கேன்ல?"

"அதாண்ணே பயமா இருக்கு."

பவதாரிணி வந்தாள். கூடவே பீமாராவ் சார். அந்த நான்கு வகை அட்டவணையைப் போட்ட பொறியாளர் அவர்தான். ஓய்வு பெற்ற பிறகும் துறை அவரை ஆலோசகராக வைத்திருக்கிறது. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஓடை வகை மாறாது. நான் 'டு' கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"யோவ் தங்கப்பாண்டி, இதையும் முதலைக் கணக்குல சேத்துக்கவா?"

"சார், இது நெசம்."

"முதலையும் நெசம்னுதான்யா சொன்ன. நான் செருப்பு இல்லாம ஓடினேன்."

ஓடை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஈச்சமரங்கள் சாய்ந்து நின்ற இடத்தில் மட்டும் மண் கொஞ்சம் கறுப்பு. நான் இறங்கினேன். நாலு எட்டு வைத்ததும் மேல்மண் உடைந்து முழங்கால் வரை சேற்றில் போனேன். செருப்பு இரண்டும் போயின.

"சார், அடியில ஈரம் இருக்கு!"

"உன் காலுக்கு ஈரம் எப்படிய்யா தெரியும்? அதுக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே."

அது நியாயமான கேள்விதான். ஈச்சமட்டையைப் பிடித்துக் காலைச் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடியே கரையேறினேன். அன்னக்கொடி டீ வடிகட்டியைக் கீழே போட்டாள்.

"அண்ணே! குதிகால்ல என்னமோ தொங்குது!"

திரும்பிப் பார்த்தேன். முள்ளை என் குதிகாலில் ஏற்றிவிட்டு ஒரு தேளி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ரத்தம் வழிந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. யாரோ ஒருவருடைய காலில் யாரோ ஒருவருடைய மீன்.

பவதாரிணி ஓடி வந்தாள். "சார், உட்காருங்க! சர்க்கரைக் காலு சார்!" கடையில் ஒரு துணியை வாங்கி மீனைப் பிடித்து மெதுவாகப் பிடுங்கினாள். பாத்திரத்தில் போட்டதும் அது சுற்றிச் சுற்றி வந்தது.

பீமாராவ் சார் குனிந்து பார்த்தார்.

"எந்தக் கடையில வாங்கின? கோரிப்பாளையமா?"

"சார்!"

"தேளி குத்தினா ஆம்பள ஊரக் கூட்டிருவான். நீ இளிச்சிக்கிட்டு வர்ற. மீனையும் வாங்கி, காலையும் நீயே கீறிக்கிட்டு வந்து நிக்கிற. எனக்குத் தெரியாதா உன்ன?"

பவதாரிணி படிவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அதே இடத்துல பிடிச்சதுன்னு நீங்க உறுதி சொன்னாத்தான் சார் நான் எழுத முடியும்."

"நாலாம் வகை. உயிரினம் இல்லை. எழுதும்மா."

அன்னக்கொடி அடுப்பைக் குறைத்தாள். முப்பத்து நாலு வருஷம் நான் விட்ட கதைகள் எல்லாம் வரிசையில் வந்து என் வாயைப் பொத்திக்கொண்டு நின்றன. சத்தியம் செய்யலாம் என்றால், எதன் மேல் செய்வது? பாண்டியம்மாள் மேல் செய்திருப்பேன். அவளே நம்பமாட்டாள்.

"சார், என்னைய நம்ப வேணாம்" என்றேன். "உங்க கைய நம்புவீங்கல்ல? ஈச்சமரத்துக்கடியில கைய விட்டுப் பாருங்க. ஒண்ணும் இல்லைன்னா நானே நாலாம் வகைன்னு டைப் அடிச்சுத் தாரேன்."

"பாத்துருவோம்யா. உன் பொய்ய இன்னைக்கி ஒழிச்சிருவோம்."

சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பவதாரிணியிடம் கொடுத்தார். கரையில் முட்டிபோட்டு, நான் உடைத்த ஓட்டைக்குள் கையை விட்டார். முழங்கை வரை போனது.

"வெறும் சேறு" என்றார். "ஒரு புழுகூட இல்ல. நான்தான் சொன்னேனே, சரிவு ஆயிரத்துக்கு ரெண்டு, அடிமண் களி, வருஷத்துல மூணு மாசம்கூட…"

அப்புறம் அவர் போட்ட சத்தத்தில் யானைமலையே எழுந்து நின்றது. இதிலும் மிகை இல்லை, நான் பார்த்தேன். மேலூர் ரோட்டில் போன பஸ் நின்றது. அவர் கையை உதறியபடி, "அம்மா! அம்மா!" என்று ஓடைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடினார். விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே கறுத்த தேளி முள் ஒன்று ஒடிந்து நின்றது.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமையாக இருந்தது. அந்த மனிதருக்கு எவ்வளவு வலிக்கிறது! கண்ணில் தண்ணீர் எப்படிக் கொட்டுகிறது! இரண்டு வருஷத்தில் நான் உணர்ந்த முதல் விஷயம் அந்தப் பொறாமைதான். நன்றாகவே தெரிந்தது, நடு நெஞ்சில்.

அன்னக்கொடி டீக்கு வைத்த வெந்நீரைப் பொறுக்கும் சூட்டில் வாளியில் ஊற்றி அவர் கையை அதில் முக்கினாள். "இப்படியே வைங்க சார், விசம் இறங்கும்." மிச்சத்தை என் காலில் ஊற்றிக் கழுவினாள். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவைக் கூப்பிட்டாயிற்று.

பீமாராவ் சார் பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பவதாரிணி தயங்கித் தயங்கி எதிரே நின்றாள்.

"சார், 'நீர்வாழ் உயிரினம்'கிற இடத்துல என்ன போடட்டும்?"

அவர் வாளியைப் பார்த்தார். ஓடையைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் அவர் பேரில் நின்ற அட்டவணை அது. மூக்கை இடது கையால் துடைத்துக்கொண்டார்.

"தேளின்னு போடு. ஓடைப் பேர ஈச்சமடுன்னு திருத்து. அந்த டைப்பிஸ்ட் பய குதிகால்ல தொங்குனதையும் எழுது. எழுதும்மா, நான் கையெழுத்துப் போடுறேன். அவன் சொன்னது அம்புட்டும் நடந்துச்சு."