அண்ணியும் நாத்தனாரும் பார்த்த சீசன்

1

இந்தக் கதைக்குக் காரணம் எங்கள் ரசிகர் மன்றத் தலைவர். தொழில் முடிவெட்டுவது. பட்டியலில் மேலே வந்த அணிகள் மட்டும் மோதும் பிளே-ஆஃப் அன்று மைதான வாசலில் கொடுக்க ஒரு சிறப்பு மலர் அச்சடிக்கிறாராம். இந்த சீசனைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும், நம் கூட்டத்தில் கதை எழுதுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான் என்று பிடித்துக்கொண்டார். கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். கதையாகப் போய்விட்டது. அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் தொடக்கம்: "தோல்விகளோடு ஆரம்பித்த இந்த சீசன் நம் அணிக்கு ஒரு பெரிய..." பெரிய என்ன? தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "மழை. மைதானம். பந்து." இதைப் படித்தால் என் நாத்தனார் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மூன்றாவதில் "நாங்கள் இருவரும்" என்று எழுதிவிட்டேன். அந்த இருவர் யார் என்று சொல்லாமல் அதற்குமேல் நகர முடியவில்லை.

2

ஒருத்தி நான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன், மிச்ச நேரத்தில் எழுதுகிறேன். இன்னொருத்தி என் நாத்தனார், கணவரின் தங்கை. பஸ் ஓட்டுகிறாள்.

[கணவர் என்றது பிழை. முன்னாள் கணவர். திருத்திவிடலாம். ஆனால் அதைத் திருத்தினால் 'முன்னாள் நாத்தனார்' என்றும் எழுத வேண்டிவரும். கை வரவில்லை. இரண்டும் அப்படியே கிடக்கட்டும்.]

கல்யாணமான புதிதில் அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கால்பந்துப் பைத்தியம், அவள் அண்ணனுக்கோ அந்தச் சத்தமே ஆகாது. தனியாக அனுப்ப வீட்டில் யாருக்கும் மனமில்லை. ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அண்ணி கூட்டிக்கொண்டு போவார்கள் என்று அவளாகவே அறிவித்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போகிற வழியில் பஸ்ஸில், தண்ணீர் பாட்டிலையும் என் கைக்குட்டையையும் அவள் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் மடியில் பரப்பி ஆஃப்சைடு என்றால் என்னவென்று விளக்கினாள். பாதி புரிந்தது. கிழக்கு ஸ்டாண்டில் சிமெண்ட் படி, சாயங்கால வெயில் நேராக முகத்தில். அன்று தோற்றோம். திரும்பும்போது அவள் அழுதாள். கூடவே நானும் அழுதேன். புகுந்த வீட்டில் அழ ஓர் இடம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. அவள் படிப்பு முடிந்தது, வேலைக்குப் போனாள், கல்யாணம் வேண்டாம் என்று எல்லோரிடமும் சண்டை போட்டாள். இடையில் நானும் அவள் அண்ணனும் பிரிந்தோம். பெரிய சண்டை ஒன்றுமில்லை. ஒரே வீட்டில் இருவரும் விருந்தாளிகள் மாதிரி ஆகிவிட்டோம், அவ்வளவுதான். விவாகரத்துத் தீர்ப்பு வந்த வாரம் ஒரு ஆட்டம் இருந்தது. போக வேண்டாம் என்று படுத்துக் கிடந்தேன். அவள் வந்து கதவைத் தட்டினாள்.

"அவன் வேற, ஆட்டம் வேற. செருப்ப மாட்டுங்க அண்ணி."

மாட்டினேன்.

3

தலைவர் கேட்ட பகுதி இதுதான். சீசன்.

எடுத்த எடுப்பில் எல்லோரிடமும் உதை வாங்கினோம். எங்கள் கோல்கீப்பருக்கு 'வாசல்' என்று பெயர் வைத்ததே எங்கள் வரிசைதான், யார் வந்தாலும் உள்ளே விடுவார். முன்னால் நின்று கோல் போட வேண்டியவர் 'கொக்கு'. நெட்டைக் கால். பந்து வரும்வரை அசையாமல் நிற்பார், வந்த பிறகும் நிற்பார். பட்டியலில் கடைசி இடம் எங்களுக்கென்றே எழுதிவைத்தது போலிருந்தது. ஸ்டாண்டில் காலை நீட்டிப் படுக்கலாம், அத்தனை காலி.

[ஆனால் மனம் இப்போது தேடுவது அந்தக் காலி மாலைகளைத்தான். பார்க்க ஒன்றுமில்லாததால் பேசிக்கொண்டே இருந்தோம். பிரேக் பிடித்ததும் தூக்கத்திலிருந்து எழுந்து அவளைத் திட்டுகிற பயணி, எக்ஸ்ரேக்குச் சிரித்தபடி போஸ் கொடுக்கிற என் நோயாளி. வெயில் இறங்கி எதிர் ஸ்டாண்டின் நிழல் எங்கள் கால்வரை வந்துவிடும். ஸ்கோர் கேட்டால் இருவருக்கும் தெரியாது.]

பிறகு ஒரு மழை ஆட்டம். கோலுக்கு முன்னால் குளமாய்த் தேங்கிய தண்ணீரில் பந்து நின்றுவிட்டது. துரத்தி வந்தவர்கள் எல்லோரும் வழுக்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். வழக்கம்போல் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்த கொக்கு, காலை நீட்டித் தட்டிவிட்டார். ஜெயித்தோம். அதன்பிறகு தோற்க மறந்துபோனது. வாசல் ஒரு பெனால்டியைப் பிடித்ததும் ஸ்டாண்டே கூடி அவருக்குப் 'பூட்டு' என்று பெயர் மாற்றியது. கடைசி ஆட்டத்தில் சமன்தான் செய்தோம். ஆனால் வேறொரு ஊரில் எங்களுக்கு மேலே இருந்த அணி தோற்ற செய்தி, கீழ்ப்படியிலிருந்து வரிசை வரிசையாக ஏறி எங்களிடம் வந்தது. பிளே-ஆஃப். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

[அழுதது நான்தான் என்று அவள் சொல்வாள். கதை என் கையில் இருக்கிறது.]

4

மறுநாள் மதியம் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், சாப்பிடவில்லை. அவள் அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொள்கிறார் என்பது எனக்கு முன்பே தெரியும். தேதி தெரியாது, பிளே-ஆஃப் அன்றுதான் என்று அவள் சொன்னாள். நாங்கள் கடைசி இடத்தில் கிடந்தபோது குறித்த தேதி, பிளே-ஆஃப் என்ற நினைப்பே யாருக்கும் இல்லாத காலம். காலையில் பதிவுத் திருமணம். மாலையில், சரியாக ஆட்ட நேரத்துக்கு, வரவேற்பு.

கூடப் பிறந்தவள் பக்கத்தில் நிற்காவிட்டால் நன்றாக இருக்காது, போய் நில் என்றேன். நிற்பேன் என்றாள். வரப்போகிறவர் நல்லவர், பேசிப் பார்த்தேன் என்றாள். பிறகு டப்பாவை மூடினாள்.

"அவங்களையும் அண்ணின்னுதானே கூப்பிடணும். அப்ப உங்கள?"

பேரைச் சொல்லிக் கூப்பிடேன் என்றேன். முயன்றாள். என் பேரில் பாதி வந்தது, மீதி வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். கையில் கட்டோடு காத்திருந்தவர் எங்களை முறைத்தார். சிரிப்பு நின்றதும் டப்பாவைப் பையில் வைத்தாள். வண்டி எடுக்க நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். படியிறங்கும்போது திரும்பினாள், கூப்பிட வாயெடுத்தாள், கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

வரவேற்பு பாதியில் பட்டுப்புடவையோடு பஸ்ஸை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்து இறங்குகிறாள். [சினிமா. வேலையும் போய்விடும்.]

நான் வரவேற்புக்குப் போய்ப் புதுப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு... [எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது.]

அணி தோற்றுவிடுகிறது. அதனால் அவளுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. [இதை எழுதின கையை என்ன செய்தால் தகும்.]

இப்படி எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தபோதுதான், நேற்று, டிப்போவிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணி, வரவேற்புல காதுல இயர்ஃபோன மாட்டிக்கிட்டு நிக்கப் போறேன். முடிய விரிச்சுப் போட்டா வெளிய தெரியாது. நீங்க ஆட்டத்தச் சொல்லிக்கிட்டே இருங்க."

அண்ணி என்றாளே என்று எனக்கு உறைக்கவே சற்று நேரமானது. அங்கே என்ன சொல்லிக் கூப்பிடப் போகிறாய் என்று கேட்டேன்.

"அவங்களே பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்லிட்டாங்க. அண்ணின்னா வயசான மாதிரி இருக்காம்."

"அப்ப நான்?"

"உங்களுக்கு வயசாயிடுச்சு அண்ணி" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

6

இதை வாசலில் வாங்கி, வரிசையில் நின்றபடி படிப்பவர்களுக்கு.

கிழக்கு ஸ்டாண்டில் ஒருத்தி ஃபோனில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் அது நான்தான். பக்கத்தில் என் பை இருக்கும், தயவுசெய்து அதை நகர்த்தி உட்காராதீர்கள். எனக்கு எழுதத் தெரியுமே தவிர ஆட்டம் சொல்லத் தெரியாது. கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். பந்து யாரிடம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அது வேறு காலுக்குப் போய்விடும். ஏதோ சமாளிப்பேன்.

ஆனால் கோல் விழுந்தால் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஃபோனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பேன். அங்கே ஒருத்தி அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களை எல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். விழுந்தது எந்தப் பக்கம் என்பதை அவளுக்கு நீங்களே சொல்லுங்கள்.