மஞ்சளாகவே நின்ற முட்டைகள்

1

இந்தக் கதை என் கற்பனையில் முளைத்ததல்ல. பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையத்தில் வேலை பார்க்கும் என் அண்ணி ஒரு மதியம், சாப்பிட்ட தட்டில் கை காயக் காய உட்கார்ந்திருந்துவிட்டு, "தம்பி, ஒருத்தருக்கு நன்றி சொல்லணும். எனக்கு வார்த்தை வரமாட்டேங்குது. நீதான் எழுதுறவனாச்சே" என்றார்.

நாலு வரிக் கடிதம் போதும் என்று நினைத்தேன். அந்த மனிதர் நாலு வரிக்குள் அடங்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பட்டைப் போன்ற மென்மையான மனம் கொண்ட..." [அண்ணி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அடித்தாயிற்று.]

2

நேராகவே சொல்லிவிடுகிறேன். கூட்டைத் துளைத்து வெளிவரும் ஆண் பூச்சியையும் பெண் பூச்சியையும் இணைசேர்ப்பது, பெண்ணைத் தாளின் மேல் முட்டையிட விடுவது, பிறகு அந்த முட்டைகளை லென்ஸ் வைத்துப் பார்ப்பது: இதுதான் அண்ணியின் வேலை. கருப்பிடித்த முட்டை இரண்டு மூன்று நாளில் மஞ்சள் மாறிக் கறுக்கும்.* இருபது வருடமாகப் பார்க்கிறார். நிலையத்தில் 'லென்ஸக்கா' என்றால்தான் தெரியும்.

அந்த முறை ஒரு தம்பதி வளர்த்துக் கொண்டுவந்த கூடுகளை எல்லோரும் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை வெளேரென்று, கெட்டியாக இருந்தன. பூச்சிகளும் நன்றாகவே வெளிவந்தன. ஆனால் நானூறுக்கு மேல் முட்டையிட வேண்டிய பூச்சி இருநூறைக்கூடத் தொடவில்லை. இட்டவையும் ஐந்தாம் நாள் வரை பெரும்பாலும் மஞ்சளாகவே நின்றன.

இணைசேரும் வரை ஆண் பூச்சிகளை ஃப்ரிட்ஜில் வைப்பது வழக்கம். மேலாளர் எகிறினார். "ஆண் பூச்சிய ஃப்ரிட்ஜ்ல போட்டு மறந்துட்டீங்க. மேலிடத்துக்கு எழுதப்போறேன்."

"அதே ஃப்ரிட்ஜ்ல இருந்த மத்ததெல்லாம் நல்லாத்தானே சார் இருக்கு?"

"எதிர்த்துப் பேசாதீங்க!"

* எல்லா இனமும் கறுக்காது. "அதையும் போட்டுடு, விஷயம் தெரிஞ்சவங்க சிரிக்கப்போறாங்க" என்று அண்ணி சொன்னதால் இந்தக் குறிப்பு.

3

[இந்த இடத்தில் அண்ணிக்குப் பிள்ளை இல்லை என்று எழுதிப் பார்த்தேன். கரு இல்லாத முட்டை, பிள்ளை இல்லாத பெண்... பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணிக்கு இரண்டு பிள்ளைகள். சின்னது இப்போது என் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறது. பொருத்தம் போகட்டும்.]

மறுநாள் லீவு போட்டுவிட்டு, முட்டைத் தாளையும் லென்ஸையும் பையில் வைத்துக்கொண்டு, அண்ணி அந்தத் தம்பதியின் வீட்டுக்குப் பஸ் ஏறினார்.

"ஒரு புழுகூடச் சாகலையேக்கா. நல்லாத் தின்னுச்சு, நல்லாக் கூடு கட்டுச்சு" என்றாள் அந்தப் பெண், அழமாட்டாத குறையாக.

புழுவுக்கு இலை பறிக்கும் மல்பெரித் தோட்டத்தை ஒட்டியே தக்காளி வயல். அதன் சொந்தக்காரர் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆமா, மருந்து அடிச்சேன். பூச்சி அரிச்சுத் தள்ளுது, அடிக்காம என்ன பண்றது? அவங்க புழு செத்துச்சா?"

"சாகலண்ணா. முட்டைதான் தரிக்கல."

அண்ணி முட்டைத் தாளையும் லென்ஸையும் நீட்டினார். அவர் சட்டையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவுலயும் உசுரு இல்லையா?"

அண்ணி தலையாட்டினார். அவர் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூடைகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி வெறுங்கையோடு வீடு வந்து சேர்ந்தார்.

4

மறுநாள் காலை நிலையத்து வாசலில் அந்தத் தக்காளிக்காரர் நின்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய காலி மருந்து பாட்டில்.

மேலாளரிடம் சொன்னார்: "இதான் சார் அடிச்சேன். காத்து அவங்க தோட்டத்துப் பக்கம் வீசுச்சு, தெரிஞ்சுதான் அடிச்சேன். தப்பு என்னோடது. இந்தம்மா பேர எழுதாதீங்க."

அவர் சொன்ன தேதியும், புழு கடைசியாகத் தோலுரித்து இலையை வெட்டித் தின்ற நாட்களும் ஒத்துப்போயின. புழுவைக் கொல்லாத அளவு மருந்தும் பின்னால் முட்டையைக் கெடுத்துவிடுமாம். மேலாளர் எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, அண்ணிக்கும் சேர்த்து டீ சொன்னார்.

யாரும் கூப்பிடாமல் ஒரு மனிதர் இப்படி வருவாரா? வாசகர் நம்பமாட்டார் என்று பயந்து, அண்ணி அவரைக் கையும் களவுமாகப் பிடித்ததாக மாற்றி எழுதினேன். அண்ணி தாளைத் தூக்கி எறியாத குறை.

"அவரு தானா வந்தாரு தம்பி. அதையே எடுத்துட்டா அப்புறம் எதுக்கு நன்றி?"

நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. தானாகத்தான் வந்தார்.

5

இப்போதெல்லாம் மருந்து அடிப்பதற்கு முன்னால் அவர் அந்தத் தம்பதிக்குச் சொல்லிவிடுகிறார். வயலோரத்து இலைகளை அவர்கள் புழுவுக்குப் போடுவதில்லை. அவர்கள் வளர்த்த அடுத்த கூடுகளின் பூச்சிகள் நேற்று முட்டையிட்டன. எண்ணிக்கை தேறிவிட்டது. கறுக்குமா என்பதுதான் பாக்கி.

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். எல்லாம் கறுத்தன. பாதி கறுத்தன. ஒன்றுகூட [இதற்குமேல் கை ஓடவில்லை.]

"கறுத்துடுச்சுன்னே போட்டுடவா அண்ணி?"

"பார்க்காம எழுதாத."

காலையிலிருந்து தக்காளிக்காரர் இரண்டு முறை போன் பண்ணிவிட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"இன்னும் ரெண்டு நாள் இருக்குண்ணா."

உங்களுக்கும் அதே பதில்தான்.