பேர் வெட்டு

இருபத்திரண்டு பெண்களுக்கு ஐந்து கத்தரிக்கோல் போதும் என்று அனுப்பிய தொண்டு நிறுவனத்தின் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது. அந்த ஐந்திலும் இரண்டு, சின்னப் பிள்ளைகள் கையை வெட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்த மொண்ணைச் சாமான்கள். அதனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம், அரைநாள் வேலை முடிந்து, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த அத்தனை பேருடைய கண்ணும் நிஷாந்தியின் துணிப்பைமேலேயே இருந்தது. அவளிடம் நல்ல தையல் கத்தரி ஒன்று இருப்பது அந்தத் தேயிலைத் தோட்டத்து டிவிஷன் முழுக்கத் தெரிந்த சங்கதி. துணி வெட்டுகிற கத்தரியில் காகிதம் வெட்டினால் வாய் போய்விடும் என்று அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவையும் வேலாயி கையை நீட்டியபோது, இனியும் கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை கொழுந்து பறிக்கிற மலையில் பேச்சு வாங்க வேண்டிவரும் என்று எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தாளே தவிர, அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பதிலேயே கண்ணாக இருந்தாள்.

நிறுவனத்திலிருந்து வந்திருந்த பெண்ணின் பெயர் பிரியந்தினி. ஹட்டன் கடைவீதியில் சாமான் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை. தோட்டத்தைப் பொகவந்தலாவை பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனால் நல்ல மனசு. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. புது வருஷத்துக்கு எல்லோரும் ஆளுக்கொரு விஷன் போர்ட் செய்யப் போகிறோம் என்று ஆரம்பித்தாள். அடுத்த டிசம்பருக்குள் வாழ்க்கையில் என்ன நடக்க வேண்டுமோ அதைப் படமாக வெட்டி, இந்த பிரிஸ்டல் போர்ட் அட்டையில் ஒட்டி, காலையில் எழுந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டிவைக்க வேண்டும். பார்க்கப் பார்க்க மனது அதன் பின்னாலேயே போகும் என்றாள். வேலாயிக்குக் காது கொஞ்சம் மந்தம். என்ன போர்டு என்று பக்கத்தில் இருந்த தனுஜாவைக் கேட்டு, அவள் சொன்னதையும் தன் போக்கில் வாங்கிக்கொண்டாள்.

“விசனத்துக்கு எதுக்கு மிஸ் போர்டு? அதான் மூஞ்சியிலயே ஒட்டியிருக்கே.”

காம்பராவே சிரித்தது. பிரியந்தினியும் சேர்ந்து சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே.

நடுவில் பழைய பேப்பர்களும் சிங்களக் கல்யாணப் புத்தகங்களும் சுப்பர் மார்க்கெட் துண்டுப் பிரசுரங்களும் குவிந்து கிடந்தன. அவ்வளவு குவியலிலும் வீட்டுப் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏதோ வங்கியின் விளம்பரம். சிவப்பு ஓடு, வெள்ளைச் சுவர், வாசலில் பூந்தொட்டி. அதற்குப் பதினாறு பேர் போட்டி. கொஞ்ச நேரம் இழுபறிப்பட்டு, கடைசியில் ஒரு பஞ்சாயத்தாகி, அந்த வீட்டை நாலாக வெட்டிக்கொண்டார்கள். கூரை வேலாயிக்குப் போனது. கதவு தனுஜாவுக்கு. பூந்தொட்டி கிடைத்தவள் அதையாவது ஒட்டுவோம் என்று கோதுமை மாப் பசையைத் தடவினாள். அந்தப் பசையைப் பிள்ளைக் காம்பரா ஆயாம்மா அடுப்பில் கிண்டிக் கொண்டுவந்திருந்தாள். இந்த மாவுக்கு நாலு ரொட்டி சுட்டிருந்தால் ஆசை அப்போதே நிறைவேறியிருக்கும் என்று வேலாயி அதற்கும் ஒன்று சொன்னாள்.

நிஷாந்தி வீட்டுக்குப் போட்டி போடவில்லை. அவள் தேடியது ஒரு தையல் மெஷின். குவியலை மூன்று முறை புரட்டியும் அது அகப்படவில்லை. ஃபிரிட்ஜ் இருந்தது, கார் இருந்தது, நகை போட்ட மணப்பெண்கள் வேண்டிய மட்டும் இருந்தார்கள். ஒரு மணப்பெண்ணின் சட்டையில் கைப்பகுதி தோளில் சரியாக உட்காராமல் சுருக்கம் விழுந்திருப்பதைப் பார்த்து, இவ்வளவு செலவு செய்து இப்படியா தைப்பார்கள் என்று மனதுக்குள் திட்டிவிட்டு ஓரமாக வைத்தாள்.

பொகவந்தலாவை பஸாரில் சண்முகராஜா என்பவர் ஏழு மெஷின் போட்டு ஸ்கூல் யூனிஃபோர்ம் தைத்துக் கொடுக்கிறார். அவருடைய தங்கைக்கு நிஷாந்தி தைத்துக் கொடுத்த சட்டையைப் பார்த்துவிட்டு, பொங்கல் முடிந்ததும் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார். முதலாம் தேதிக்குள் பதில் வேண்டும். பதினெட்டு வருஷமாக மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற காலுக்கு, ஒரு கூரைக்குக் கீழே பெடல் மிதிக்கிற வேலை. அதை நினைத்தாலே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்ட அடுத்த நிமிஷமே பயமாகவும் இருந்தது.

பயத்துக்குக் காரணம் அவளுடைய பேர். தோட்டத்தில் பேர் என்றால் அப்பா அம்மா வைத்தது மட்டுமல்ல. ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். வேலைக்குச் சேர்ந்தால் பேர் பதிவது, நின்றால் பேர் வெட்டுவது. இன்னாருக்குப் பேர் வெட்டியாயிற்று என்று யாராவது சொன்னால், கேட்கிறவர் அடுத்ததாக விசாரிப்பது அவர்களுடைய வீட்டைப் பற்றித்தான். லயத்து வரிசை வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தம்; பேரே இல்லாத குடும்பத்துக்குக் காம்பரா எதற்கு என்று தோட்டம் கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் விடும். மேல் லயத்துப் பொன்னையாவைக் கேட்டது. அவர் குடும்பம் இப்போது தலவாக்கலையில் மச்சான் வீட்டு விறாந்தையைத் தகரத்தால் அடைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது.

நிஷாந்தி வீட்டில் மிச்சமிருந்தது அவளுடைய பேர் ஒன்றுதான். புருஷன் கஜேந்திரனுக்குப் பேர் வெட்டி ஒன்பது வருஷமாகிறது. கவ்வாத்து வெட்டுவதில் அந்தத் தோட்டத்திலேயே அவனை அடிக்க ஆளில்லை. தேயிலைச் செடியின் தலையை ஒரே வீச்சில், பிசிறில்லாமல் எடுப்பான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அப்போதிருந்த துரையோடு ஒரு வாய்ச்சண்டை. இந்தப் பெரட்டுக் களத்துக்கு இனிமேல் என் செருப்புக்கூட வராது என்று நூறு பேர் முன்னால் சொல்லிவிட்டு நடந்தான். அந்தத் துரை மாறிப் போய், அவருக்குப் பின் வந்தவரும் மாறிப் போய்விட்டார். கஜேந்திரன் மாறவில்லை. பஸாரில் இன்னொருவருடைய ஆட்டோவை ஓட்டிக்கொண்டிருந்தான். பெரட்டுக் களத்தைத் தாண்ட வேண்டியிருந்தால் பங்களா ரோட்டைச் சுற்றிக்கொண்டு போவான். தையல் வேலையைப் பற்றி நிஷாந்தி மூன்று தடவை பேச்செடுத்தாள். மூன்று தடவையும், ஒன் பேரு போனா வீடு போயிரும் என்ற ஒரே பதில்தான் வந்தது. அவன் சொன்னதில் தப்பில்லை. தப்பில்லாததுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

படம் கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம், முதலில் நடுவில் பேரைப் பெரிதாக எழுதுங்கள், எல்லாம் உங்களிடமிருந்துதானே தொடங்குகிறது என்றாள் பிரியந்தினி. நிஷாந்தி சிவப்பு மார்க்கர் வாங்கி எழுதினாள். எழுத்து அழகாகவே வந்தது. அந்த நேரம் பார்த்து அவளுடைய கத்தரி ஊர் சுற்றி முடித்துத் திரும்பி வந்தது. வாய் போயிருக்கிறதா என்று பார்க்கத்தான் வெட்டினேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னாள். அது முழு உண்மை இல்லை. அட்டையை மெதுவாக மடித்து, மடிப்பில் ஒரு கீறல் போட்டு, உள்ளே கத்தரியை விட்டு, சட்டைக்குக் கழுத்து வெட்டுகிற மாதிரி தன் பேரைச் சுற்றி வெட்டி எடுத்தாள். வாய் போகவில்லை. அட்டையின் நடுவில் நீளமாக ஓர் ஓட்டை விழுந்திருந்தது.

“அக்கா, ஏன் பேர வெட்டிட்டீங்க?”

பிரியந்தினி சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் பசைச் சட்டியில் கிண்டிக்கொண்டிருந்த ஆயாம்மாவின் கரண்டி நின்றது. இருபத்தொரு பேரும் நிஷாந்தியைப் பார்த்தார்கள். இப்படி ஓர் ஆசை எல்லோருக்கும் உள்ளுக்குள் இருந்திருக்கும். அதை அட்டையில் செய்து காட்ட ஒருத்திக்கும் தோன்றியதில்லை.

“மெதுவாச் சொல்லுங்க மிஸ்” என்றாள் வேலாயி. அதன்பிறகு அவள் எதுவும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பிரியந்தினிக்கு விஷயம் பிடிபடவில்லை. ஒவ்வொருவரையும் அட்டையோடு நிற்கவைத்துப் படமெடுத்து, மகளிர் குழுவின் வாட்ஸப்பில் போட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போனாள். நிஷாந்தியின் படத்தில் ஓட்டை வழியாக அவளுடைய சட்டைப் பொத்தான் தெரிந்தது.

வாட்ஸப்புக்கு வளைவு ரோடு கிடையாது. அன்று அந்தி மயங்குமுன்னே கஜேந்திரன் வீட்டுக்கு வந்தபோது விஷயம் ஆட்டோ ஸ்டாண்டிலேயே அவன் காதுக்கு எட்டியிருந்தது. தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், மிஸ் சொன்னபடியே, நிஷாந்தி அந்த அட்டையை மாட்டியிருந்தாள். ஓட்டைக்குள் சுவரின் நீலச் சுண்ணாம்பு தெரிந்தது.

“ஸ்டாண்டுல கேக்குறானுங்க, ஒம் பொண்டாட்டி பேர வெட்டிக்கிட்டாளாமேன்னு.”

“காயிதத்துலதாங்க வெட்டுனேன்.”

“எல்லாருக்கும் காயிதத்துலதான் வெட்டுறாங்க.”

கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனவள் பாதியில் திரும்பினாள். சண்டைக்காகச் சொல்லவில்லை. அவளுக்குச் சண்டை போடத் தெம்பும் இல்லை.

“ஒங்க பேரு போனப்ப எம் பேருல நின்னோம். இப்ப நான் போகணும்னா நிக்க ஒரு பேரு இல்ல. அவ்வளவுதாங்க.”

கஜேந்திரன் அந்த ஓட்டையைப் பார்த்தான். பிறகு ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று நிஷாந்திக்குத் தோன்றியது. சொன்னது நல்லதுதான் என்றும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்ப் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, லயத்துக்குப் பின்னாலிருந்து கல்லில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஒன்பது வருஷமாகக் கூரை விட்டத்தில் செருகிக் கிடந்த கவ்வாத்துக் கத்தியைக் கஜேந்திரன் தீட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கத்தியைப் பக்கத்து லயத்துப் பழனியாண்டி வெகுநாளாக விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். கொடுத்துவிடப் போகிறார்போல என்று நினைத்தாள். என்னங்க இது என்று கேட்டதற்கு, துருப் பிடிச்சுக் கெடக்குது என்று மட்டும் சொன்னான். இனி அவர் தோட்டத்துக்குத் திரும்புகிற பேச்சுக்கே இடமில்லை, கத்தியோடு எல்லாம் முடிந்தது என்று அவளுக்கு அழுகை வந்தது. துணியை ஓங்கி அடித்துத் துவைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் பெரட்டுக் களத்தில் பனி தரையோடு மெல்லிசாகக் கிடந்தது. பெண்கள் நனையாமல் இருக்க இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வெட்டிய பேர்த் துண்டை நிஷாந்தி சுருக்குப்பையில் மடித்து வைத்திருந்தாள். ஏன் கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கணக்கப்பிள்ளை அழகுமுத்து கெட்ட மனுஷன் இல்லை. வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில் நாலு வார்த்தை பேசிச் சிரிக்க வைப்பார். அன்றைக்கும் முதலில், கவ்வாத்து மலையில் கைவைக்க ஓர் ஆம்பிளை கிடைப்பதில்லை, எல்லாரும் கொழும்புக்கு ஓடிவிட்டான்கள் என்று வழக்கமான புலம்பலை முடித்தார். பிறகு புத்தகத்தில் விரலை ஓட்டி அவளிடம் வந்து நிறுத்தினார்.

“என்னாம்மா, பேர வெட்டச் சொல்லிப் போர்டு போட்டிருக்கியாமே. வெட்டிரவா?”

வரிசை சிரித்தது. நிஷாந்திக்குக் கன்னம் சூடானது. இல்லைங்க ஐயா, சும்மா விளையாட்டுக்கு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. நாக்கில் அது தயாராகத்தான் இருந்தது. ஆனால் சொல்ல மனது வரவில்லை. அவள் சும்மா நின்றாள். அப்படியே சிரிப்பு பின் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக அடங்குவதைக் கேட்டாள். தன் மௌனத்தைப் பார்த்துத்தான் அடங்குகிறது என்று முதலில் நினைத்தாள். கணக்கப்பிள்ளையின் கண் தனக்குப் பின்னால் போவதைப் பார்த்தபிறகுதான் திரும்பினாள்.

கஜேந்திரன் களத்தின் நடுவில் வந்துகொண்டிருந்தான். தோளில் சாக்குச் சுற்றிய கவ்வாத்துக் கத்தி. யாரையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. ஆம்பிளைகள் நிற்கிற பக்கம் போய், ஐந்தே பேர் நின்ற வரிசையில் ஆறாவதாக நின்றான். வேலாயி நிஷாந்தியின் கையைப் பிடித்து, கீழே பார் என்று கண்ணைக் காட்டினாள். டிசம்பர்க் குளிரில், பனி நனைத்த அந்தத் தரையில் அவன் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான்.

அழகுமுத்து புத்தகத்தில் ஒரு பக்கம் தள்ளினார். பேனாவின் மூடியைக் கழற்றினார். அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“இப்ப யாரு பேருக்கு என்ன செய்யணும்?”

நிஷாந்தி களத்தின் ஓரத்தைப் பார்த்தாள். படிக்கட்டில், களம் தொடங்குவதற்கு ஒரு சாண் முன்னால், கஜேந்திரனின் செருப்புகள் இரண்டும் ஒட்டினாற்போல் கழற்றிவைக்கப்பட்டு, ரோட்டைப் பார்த்தபடி பனியில் நனைந்துகொண்டிருந்தன.