தட்டில் வளர்ந்த எனாமல்

வீட்டில் மகளுக்கு வாலு என்று பெயர். இருந்த இடத்தில் இருக்க மாட்டாள். பத்து வயதில் அவள் தாடைக்குள் ஒரு நீர்க்கட்டி வந்தது. அதை அறுத்து எடுத்தபோது, பக்கத்தில் முளைக்காமல் கிடந்த கடைவாய்ப்பல்லின் மொட்டும் கூடவே வந்துவிட்டது. குப்பைக்குப் போக வேண்டிய அந்தத் துணுக்கைத் தன் ஆய்வகத்துக்குக் கேட்டு வாங்கியவள் அவளுடைய அம்மா. பல்லின் கெட்டியான மேலோடாகிய எனாமலை உண்டாக்கும் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பதுதான் அவள் வேலை.

மற்ற செல்கள் தட்டில் சில நாள் இருந்துவிட்டுச் சுருண்டுவிடும். வாலுவின் செல்கள் ஒட்டிக்கொண்டன. ஊற்றிய நீரிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சி, மறுபக்கம் தள்ளி, இழை இழையாகப் படிகம் கட்டின. படிகம் கட்டக் கட்ட அமிலம் ஊறும். அதை விட்டுவைத்தால் கட்டியதே கரைந்துவிடும். அதனால் செல்களே பைகார்பனேட்டைச் சுரந்து அமிலத்தைத் தணித்தன. அமிலத்துக்கு ஏற்ப நிறம் மாறும் சாயத்தை விட்டுப் பார்த்தால் தட்டில் மஞ்சளும் சிவப்புமாக வரிகள் ஓடும்.

"உன் பொண்ணு மாதிரியே இதுவும் சும்மா இருக்காது போல," என்றாள் தலைமை ஆய்வாளர். எல்லோருக்கும் அவள் மேடம்.

ஒரு சனிக்கிழமை மதியம் மேடம் சொன்னபடி கால்சியம் இல்லாத நீரைத் தட்டில் மாற்றினாள் அம்மா. செல்கள் பட்டினியை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்க்க வேண்டும். கையுறையைக் கழற்றுவதற்குள் வீட்டிலிருந்து கணவர் கூப்பிட்டார். அவர் வீட்டிலேயே துணி தைப்பவர்.

"வாலுவுக்கு விரலெல்லாம் இழுத்துக்கிச்சு. நீட்டவே முடியல. உதட்டைச் சுத்தி ஊசி குத்துற மாதிரி இருக்குதாம். அழுவுறா."

ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் அப்படித்தான் இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஏன் செய்தாள் என்று பிறகு அவளுக்கே விளங்கவில்லை. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு பழைய நீரையே தட்டில் திரும்ப ஊற்றினாள்.

"ஆங், விட்டுடுச்சு," என்றார் கணவர். "தானா விரிஞ்சிடுச்சு. என்ன கூத்து இது?"

திங்கட்கிழமை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. மேடத்திடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, பதமாகத்தான் பேசினாள். "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைம்மா. நீ பயந்துபோயிருக்க. ரெண்டு நாள் லீவு எடு."

அம்மா வீட்டில் இருந்தாள். மறுநாள் மாலை வாலு தரையில் உட்கார்ந்து, அப்பா வெட்டிப்போட்ட துணித்துண்டுகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று மூச்சு வாங்கியது. ஓடி வந்தவள் மாதிரி ஆழ ஆழ இழுத்தாள். நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது. முகத்தில் மட்டும் எந்தக் கலவரமும் இல்லை.

"என்னடி பண்ணுது?"

"தெரியலம்மா. சுத்தி எல்லாம் புளிக்குது."

அம்மாவுக்குப் புரிந்தது. உடம்பில் அமிலம் ஏறினால் மூச்சு இப்படித்தான் வாங்கும். ஆய்வகத்துக்குப் போன் போட்டாள்.

"மேடம், தட்டுல இப்ப என்ன செஞ்சீங்க?"

பதில் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"நீர்ல இருந்து பைகார்பனேட்டை எடுத்தீங்களா?"

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மேடம். "யார்கிட்டயும் சொல்லலையே. இப்பத்தானே எடுத்தேன்."

"திரும்பப் போடுங்க. என் பிள்ளை மூச்சைக் கேளுங்க!"

போனை மகளின் வாயருகே பிடித்தாள். அந்தப் பக்கம் ஏதோ உருளும் சத்தம், குப்பி திறக்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் வாலுவின் மூச்சு அடங்கியது. விட்ட இடத்திலிருந்து துணியை அடுக்கத் தொடங்கினாள்.

அதன்பின் யாரும் தட்டில் எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. நேரத்துக்கு நீர் மாற்றுவதோடு சரி. ஆனால் அம்மாவுக்கும் மேடத்துக்கும் ஒன்று தெரியும். எனாமலைக் கட்டி முடித்ததும் அந்தச் செல்கள் செத்துவிடும். வாய்க்குள்ளும் அப்படித்தான். அதனால்தான் உடைந்த எனாமல் மறுபடி வளர்வதில்லை. தடுக்க எந்த மருந்தும் இல்லை.

"அன்னிக்கு என்ன ஆகும்?" என்று அம்மா கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள் மேடம். தெரியாது என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

தட்டில் அந்த நிற வரிகள் மங்கத் தொடங்கிய காலையில் அம்மா வேலைக்குப் போகவில்லை. வாலுவைப் பள்ளிக்கு அனுப்பாமல் மடியில் போட்டுக்கொண்டாள். கணவர் மெஷினை நிறுத்திவிட்டு மகளின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் நம்பினாரா என்று தெரியாது. காலை மட்டும் விடவில்லை.

மதியம் போன் வந்தது. "முடிஞ்சிடுச்சு," என்றாள் மேடம். "ஒண்ணுகூட உயிரோட இல்ல. பிள்ளை?"

வாலு கண்ணை மூடிக் கிடந்தாள். அம்மா மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு வந்தது. வாலு விழித்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, அந்தப் பொண்ணு வேலைய முடிச்சிட்டா."

"எந்தப் பொண்ணு?"

"என்னை மாதிரியே இருப்பா. போயிட்டா." பிறகு, பசிக்கிறது என்றாள்.

தட்டின் அடியில் நகக்கண் அளவு வெள்ளைச் சில்லு ஒன்று மிஞ்சியது. அம்மா மறுபடி வேலைக்குப் போன அன்று மேடம் அதை இடுக்கியால் எடுத்து, அறுக்கும் கருவியின் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"உள்ள எப்படிக் கட்டியிருக்குன்னு வெட்டிப் பார்க்கட்டுமா? இதுல உயிரே இல்லம்மா. வெறும் தாது."

"தெரியும் மேடம். இருந்தாலும் வேண்டாம்."

 மேடம் கையை நீட்டிக் கருவியின் மின்சாரத்தை நிறுத்தினாள்.