கம்யூனிஸ்ட் கொண்டா!

அயூப் ஓடினான். தேயிலைச் சரிவில் அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. விழுந்தான், எழுந்தான், செடியைப் பிடித்துத் தொங்கினான், மறுபடி ஏறினான். கையெல்லாம் ரத்தம். அவனுடையது இல்லை.

“கம்யூனிஸ்ட் கொண்டா தம்பி! சுருக்கா!” கீழேயிருந்து கருப்பம்மாவின் குரல் அவன் முதுகில் அறைந்தது. “கம்யூனிஸ்ட்!”

எதற்குக் கம்யூனிஸ்ட்? யோசிக்க நேரமில்லை.

அயூப்புக்கு ஊட்டி மார்க்கெட்டில் மசாலாக் கடை. கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் வாங்க கூடலூரைத் தாண்டி நாடுகாணிப் பக்கம் வந்தவன், வேனை எஸ்டேட் ரோட்டோரம் நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அந்த அலறல். இறங்கிப் போய்ப் பார்த்தால் கவ்வாத்து நடக்கிற மலை. செடியை வெட்டுகிற கத்தி வழுக்கி, ராஜகுமாரி என்ற பெண்ணின் கெண்டைக்காலில் ஆழமாக இறங்கியிருந்தது. ரத்தம் வழியவில்லை, பீய்ச்சியடித்தது.

அவளைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, முந்தானையால் காயத்தை அழுத்திக்கொண்டிருந்தவள் கருப்பம்மா. மாமியார். சிலோனிலிருந்து கைக்குழந்தையாக இந்தப் பக்கம் வந்தவள்.

“அப்பன் இல்லாத புள்ளை தம்பி,” என்றாள், அழாமல். “இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா திருப்பூர்ல இருக்கிற எம் மவனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? ஓடு. ரோட்டு மேட்டுக்கு ஓடு. கம்யூனிஸ்ட் கொண்டா!”

செல்போனில் சிக்னல் இல்லை. ஓடினான்.

மேட்டில் ஒரு டீக்கடை. கடைக்குப் பக்கத்தில் ஒரு கம்பம், அதன் உச்சியில் சிவப்புக் கொடி. அல்லாவே, இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டான் அயூப்.

“ஏனுங்க! இங்க கம்யூனிஸ்ட் யாருங்க?”

பெஞ்சில் இருந்த ஆள் டீ கிளாஸுக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். அறுபதை நெருங்கும் வயது. பக்கத்தில் சுருட்டி வைத்த ரப்பர் ஷீட்டுகள். பால் வெட்டுகிற தோட்டத்திலிருந்து நேராக வருகிறார் என்று வாசனையே சொன்னது.

“நான்தான். தனசிங். என்னவாக்கும்?”

“உங்களைக் கொண்டாரச் சொன்னாங்க.”

“கொண்டாரவா? நான் என்ன உப்பு மூட்டையா?”

டீக்கடைக்காரர் சிரித்தே விட்டார். “கட்சியில ஆள் கொறஞ்சு போச்சு தோழர். இப்ப டோர் டெலிவரி.”

“சிரிக்காதீங்க அண்ணா!” அயூப் கையை நீட்டிக் காட்டினான். “கீழே மலையில ஒரு பொண்ணுக்குக் காலு வெட்டிருச்சுங்க. ரத்தம் நிக்கவே இல்லை. கருப்பம்மான்னு ஒரு அம்மா, அவங்க மருமக…”

கிளாஸ் தரையில் விழுந்து உடைந்தது. அயூப் திரும்புவதற்குள் தனசிங் ரப்பர் ஷீட்டை அள்ளிக்கொண்டு, கீழே நின்ற வேனை நோக்கிப் பாதி தூரம் இறங்கியிருந்தார். தலைவர்கள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எண்ணியபடி அயூப் அவர் பின்னால் பாய்ந்தான்.

இருவரும் சரிவுக்குள் இறங்கியதும், சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். கருப்பம்மா மட்டும் அயூப்பை மேலும் கீழும் பார்த்தாள்.

“பச்சை எங்கடா?”

“என்ன பச்சைங்க?”

“கம்யூனிஸ்ட் பச்சைடா! எல! கசக்கிப் புழிஞ்சா ரத்தம் நிக்கிற எல! இங்க எல்லாத்தையும் மருந்தடிச்சுக் கொன்னுட்டானுங்க, ரோட்டு மேட்டுலதான் பொதராட்டம் நிக்கிது!”

ஊட்டிக் குளிரில் அந்தச் செடி முளைப்பதில்லை. அதற்குக் கூடலூர்ப் பக்கத்தில் அப்படி ஒரு பேர் இருப்பது அயூப்புக்கு எப்படித் தெரியும்?

“கொண்டான்னு சொன்னேனா, கூட்டியான்னு சொன்னேனா?” கருப்பம்மா கத்தினாள். “எலயக் கேட்டா ஆளக் கொண்டாந்து நிறுத்துறான்! அதுலயும் யார…”

வாய் கோணியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தனசிங் எதையும் காதில் வாங்கவில்லை. மண்டியிட்டார். முந்தானையை ஒரு நொடி விலக்கிப் பார்த்தார்.

“இது எலைக்கு நிக்காது. நரம்பு அறுந்து போச்சு. கத்தி!”

யாரோ கவ்வாத்துக் கத்தியை நீட்டினார்கள். ரப்பர் ஷீட்டில் நீளமாக ஒரு கீற்று அறுத்தார். முழங்காலுக்கு மேலே ஒரு சுற்று, இழுத்து இன்னொரு சுற்று. ஒரு குச்சியைச் செருகித் திருகினார். அவர் கழுத்து நரம்புகள் புடைத்தன. பீய்ச்சல் ஒழுக்கானது. ஒழுக்கு சொட்டானது.

“மூங்கி ரெண்டு வெட்டுங்க! சாக்கு!”

ஜீவா என்ற பெண் வேலியோரம் ஓடினாள். அயூப் வேனுக்கு ஓடிக் கிராம்பு மூட்டைகளை ரோட்டோரம் தூக்கிப் போட்டு, வெற்றுச் சாக்குகளோடு திரும்பினான். சாக்கின் மூலைகளைக் கிழித்து மூங்கிலை நுழைத்தார்கள். நான்கு பெண்கள் தோள் கொடுக்க, அந்தத் தூளியில் ராஜகுமாரி மேலே ஏறினாள்.

வேன் பறந்தது. வளைவுக்கு வளைவு ஹாரன். பின்னால் கருப்பம்மா ஒரு பக்கம், தனசிங் ஒரு பக்கம். ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை என்பதை அயூப் கண்ணாடியில் கவனித்தான். ஏதோ சங்கத் தகராறு போலிருக்கிறது.

ராஜகுமாரியின் இமைகள் செருகின. தனசிங் பக்கத்திலிருந்த மூட்டையில் கைவிட்டுப் பட்டை ஒன்றை எடுத்து நொறுக்கி அவள் மூக்கருகே பிடித்தார். காரமான மணம் வேனை நிறைத்தது.

“கண்ணை மூடாத மோளே. மூடாத.”

மலையாளம் கலந்த கூடலூர்ப் பக்கம் சின்னப் பெண் யாராக இருந்தாலும் ‘மோளே’, மகள்தான். ஆனால் அந்தக் குரல் உடைந்த விதம் அயூப்பைக் கலக்கியது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. வராந்தா பெஞ்சின் இந்தக் கோடியில் கருப்பம்மா, அந்தக் கோடியில் தனசிங். நடுவில் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் அயூப் நின்றான்.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். “ஆபத்து தாண்டிடுச்சு. காலும் தப்பிச்சுது. கட்டு போட்டது யாரு?”

தனசிங் கையைத் தூக்கவில்லை. கருப்பம்மாதான் தாடையால் அவரைக் காட்டினாள்.

“நல்லா போட்டிருக்கீங்க. அது இல்லைன்னா இங்க வந்து சேர்ந்திருக்க மாட்டாங்க.” டாக்டரம்மா போய்விட்டார்.

அயூப் அப்படியே தரையில் உட்கார்ந்தான். அல்ஹம்துலில்லா என்று ஆரம்பித்தவன் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே போனான். பட்டை என்றால் கிலோ என்ன விலை, கிராம்பு என்றால் மொட்டு உடையாமல் இருக்கிறதா, இவ்வளவுதான் இத்தனை நாள் மரங்களோடு அவனுக்கு இருந்த பேச்சு. இன்றைக்கு ஒரு மரத்தின் பால் உறைந்து ஒரு பெண்ணின் உயிரைப் பிடித்து வைத்தது. ஒரு மூங்கில் அவளைச் சுமந்தது. ஏதோ ஊரில் ஏதோ வயலில் நார் உரித்த சணல் அவளுக்குப் படுக்கையானது. எந்த மரத்திடம் போய் நன்றி சொல்வது?

போன் அடித்தது. ஜீவா. “அண்ணே, மூட்டையில இருந்த நம்பரப் பாத்து, சிக்னலுக்காக மேட்டுக்கு வந்து பேசுறேன். மழை வந்திருச்சு. ஒங்க மூட்டையெல்லாம் தூக்கிப் பேர் கூப்புடுற பெரட்டுக் கொட்டாயில வச்சிட்டோம். ஒரு மொட்டு நனையல. பதறாம வாங்க.”

மூட்டைகளை அவன் மறந்தே போயிருந்தான். “நல்லா இருப்பீங்க தங்கச்சி” என்றான்.

கருப்பம்மா எங்கிருந்தோ டீ வாங்கிவந்து அவன் கையில் வைத்தாள்.

“குடி. ஒன்னைய ஏசிட்டேன்.”

“நான்தானுங்க தப்பாக் கேட்டுட்டேன்.”

“தப்பு!” அவள் மூக்கை உறிஞ்சினாள். “நீ எலயக் கொண்டாந்திருந்தா இந்நேரம் எழவுப் பந்தக்காலு நட்டிருப்போம். ஒன்னையப் பெத்த மகராசி நல்லா இருக்கட்டும்.”

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

“கண்ணு முழிச்சிட்டாங்க. அப்பா, அப்பான்னு சொல்லிட்டே இருக்காங்க. அவங்க அப்பா வந்திருக்காரா?”

அயூப் எழுந்தான். இதையாவது ஒழுங்காகச் சொல்லலாமே என்று. “சிஸ்டர், அவங்களுக்கு அப்பா இல்லைங்க…”

கருப்பம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினாள்.

“அப்படிச் சொல்லிட்டுத் திரிஞ்சது நான்தான் தம்பி. இந்தப் புள்ள எம் மவன நம்பி வீட்ட விட்டு வந்த நாள்லேர்ந்து அந்தப் பக்கமும் பேச்சில்ல, இந்தப் பக்கமும் பேச்சில்ல. வீம்பு.”

எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். பெஞ்சின் அந்தக் கோடிக்கு நடந்தாள். தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மனிதரின் முன்னால் போய் நின்றாள்.

“காதுல விழலையா? உள்ள போங்க, சம்பந்தி. ஒங்க மக கூப்புடுது.”