முன்னாடியே குடுத்த நம்பர்

எழில்மதிக்குப் பயம் எங்க புடிச்சிதுன்னு கேட்டா, அவங்க அப்பா சிரிச்சிக்கினே இருந்தவரு சடக்குனு நிறுத்தினாரே, அங்கதான்.

கடலூர் லைனுக்குக் கரண்டு கம்பம் நட ஆரம்பிச்ச நேரம் அது. கரண்டு வர்றதுக்கு முந்தி ரயிலு எப்புடி ஓடிச்சின்னு பழைய ஆளுங்களக் கேட்டு, போன்ல பதிவு பண்ணிக்கினு வாங்கன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்க. பத்தாவது படிக்கிற எழிலுக்கு வூட்டுலயே ஆளு இருந்துச்சி. அவ அப்பா பழனிவேல் இப்ப நெலக்கரி மைன்ஸ்ல பர்மனென்ட்டு. ஆனா மீட்டர்கேஜ் காலத்துல ஒரு சின்ன ஸ்டேஷன்ல மாஸ்டரு.

ஷிப்ட் முடிச்சி வந்து, லுங்கியோட ஒக்காந்து சொன்னாரு. "வண்டிக்கு வழி விட கைகாட்டிய எறக்கறதுக்கு மின்னாடி ரயில்வே கேட்டுக்குப் போன் அடிக்கணும். கேட்கீப்பரு கேட்டச் சாத்திப்புட்டு, அவங்கிட்ட இருக்கிற நம்பர் சீட்டப் பாத்து ஒரு நம்பர் சொல்லுவான். சொன்னதும் சீட்டுல அத கோடு போட்டு அடிச்சிடுவான். அந்த நம்பர் என் நோட்டுல ஏறுனாத்தான் கேட்டு சாத்தியாச்சின்னு அர்த்தம்."

"மழையில போன் செத்துப்பூட்டா?"

"அதுக்குத்தான் நம்ம மச்சான் இருந்தானே! சாயங்காலம் டீ குடிக்க வருவான். ராத்திரி வண்டிங்களுக்கு ரெண்டு நம்பர அப்பவே வாங்கி வெச்சிக்குவேன். சொந்தக்காரன் கேட்டுல இருந்தா எவ்வளோ சவுகரியம்..."

அங்கதான் நிறுத்தினாரு. அவ மூஞ்சியப் பாத்தாரு, போனப் பாத்தாரு.

"அத அழிச்சிடு. கைகாட்டி வெளக்குக்கு ஏணி வெச்சி ஏறி மண்ணெண்ண ஊத்துவாங்க பாரு, அதச் சொல்றேன். அது போதும்."

"சரிப்பா"ன்னா. அழிக்கல.

அந்த மச்சான் வேற யாருமில்ல, அம்மா கனகத்தோட ஒரே தம்பி சக்கரபாணி. பதினாறு வருசமா அந்தப் பேர யாரும் வூட்டுல எடுக்கறதில்ல. குடிச்சிட்டு கேட்டத் தொறந்து போட்டுத் தூங்கிட்டான், நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போன கரும்பு வண்டியில ரயிலு மோதிடுச்சி, ரெண்டு மாடு செத்துச்சி, வண்டிக்காரருக்கு ஒரு காலு போச்சி, அவனுக்கு வேல போச்சி. எழிலுக்குத் தெரிஞ்ச கத இவ்வளோதான். எழில் வயசுக்கு வந்தப்போ கூட தாய்மாமன் சீரு வரல. இப்ப அவ தம்பி வளவனுக்குக் காதுகுத்து வருது. தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சிக் குத்தறதுக்குப் பதிலா, ஒண்ணு விட்ட மாமன் குமரவேலு மடின்னு அம்மா பேசி முடிச்சிட்டா.

மறுநாளே எழில் ஸ்பெஷல் கிளாஸுன்னு பொய் சொல்லிட்டு வடலூருக்கு பஸ் ஏறுனா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, ஊர்ல சொல்லிக் கேள்விப்பட்ட அந்த பஞ்சர் கட. சக்கரபாணி டியூபத் தண்ணியில முக்கிக்கினு இருந்தாரு.

"மாமா, நான் எழிலு. கனகம் பொண்ணு."

ஏற எறங்கப் பாத்தாரு. "மூக்கப் பாத்தாலே தெரியுது, எங்கக்கா மூக்கு. பாவம், அது ஒண்ணுதான் அக்காகிட்ட நல்லா இருக்காது, அதப்போயி வாங்கிக்கினு வந்திருக்கியே." சொல்லிக்கினே சோடா வாங்கியாரச் சொல்லி ஆள வெரட்டுனாரு.

அவ பதிவு பண்ண போனத் தட்டி வெச்சா. கைகாட்டி, வெளக்கு, கேட்டு எல்லாம் சொன்னாரு. கடைசியா கேட்டுட்டா. "அன்னிக்கு என்னா மாமா ஆச்சி?"

"போனே அடிக்கல கண்ணு."

"நம்பரு?"

"ரெண்டு நம்பர் சாயங்காலமே குடுத்துட்டேனே. அக்கா வூட்டுக்காரராச்சே, மாட்டேன்னா சொல்ல முடியும்? போன் வேல செஞ்சா எப்புடியும் அடிப்பேன்னாரு. மறந்துட்டு கைகாட்டிய எறக்கிட்டாரு. விசாரணையில பாத்தா நோட்டுலயும் நம்பர் இருக்கு, என் சீட்டுலயும் அடிச்சிருக்கு. அப்ப கேட்டச் சாத்தாதவன் நானுதான?"

"ஏன் மாமா சொல்லல?"

"ஒங்கம்மாளுக்கு ஏழு மாசம். நீதான் வயித்துல. 'ரெண்டு பேருக்கும் வேல போறதுக்குப் பதிலா நீ ஒருத்தன் போ மச்சான், ஆறு மாசத்துல வேற வேல பாத்துத் தரேன்'னு ஒங்கப்பா கையப் புடிச்சாரு." டியூபுல காத்துக் குமிழி வந்த எடத்த வெரலால அமுக்கிப் புடிச்சிக்கினாரு. "வேல தராட்டிப் போவுது. குடிகாரன்னு ஊரெல்லாம் சொல்லுவாருன்னு நெனைக்கல. எங்கக்காவும் நம்பிடுச்சி. அதுக்கு மட்டும் நெசம் தெரிஞ்சிருந்தா இந்நேரம் கடைக்கு ஓடியாந்திருக்கும். தெரியாது பாவம்."

இத அம்மாவுக்குப் போட்டுக் காட்டறேன்னு சொல்லி, தன் போன் நம்பரக் குடுத்துட்டு எழில் பஸ் ஏறுனா. அப்பா வாயாலயே சொன்னது போன்ல இருக்கு. அம்மாகிட்ட போட்டுக் காட்டிட்டா போதும், மாமா மடியில வளவன் ஒக்காந்துடுவான்.

அம்மா அவரக்கா ஆஞ்சிக்கினு இருந்தா. எழில் போன எதுர்ல வெச்சி அமுக்குனா. 'ரெண்டு நம்பர அப்பவே வாங்கி வெச்சிக்குவேன்'னு அப்பா கொரலு வந்துச்சி.

அம்மா எட்டி சத்தத்தக் கொறச்சா.

"மெதுவாடி. பக்கத்து குவாட்டர்ஸ்ல கேட்டுடப் போவுது."

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"அன்னிக்கு ராத்திரியே தெரியும். வந்து என் காலப் புடிச்சிக்கினு அழுதாரு." அவரக்காய எடுத்து நாரு உரிச்சா. "அவர உள்ள போட்டிருந்தா இந்த வேல ஏது, குவாட்டர்ஸ் ஏது, ஒன் படிப்பு ஏது? அவன் தனி ஆளு. பொழச்சிக்குவான்னு நெனச்சேன்."

"அப்பறம் ஏம்மா அவரக் கூப்புடக்கூட மாட்டேங்கற?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கூப்புடறது?" அம்மா தலையத் தூக்கல. "அழிச்சிடு. அப்பா வர்ற நேரம்."

எழில் போன எடுத்துக்கினு கொல்லப்பக்கம் போனா. அழிக்கறதுக்குள்ள அது அடிச்சிது. மாமா.

"என்னா கண்ணு, ரெக்கார்டு நல்லா வந்துச்சா? அக்கா கேட்டுச்சா?"

ஜன்னல் வழியா அம்மா முதுகு தெரிஞ்சிது. உரிச்ச நாரு தட்டு நெறைய கெடந்துச்சி.

"இன்னும் கேக்கல மாமா."

"பரவால்ல கண்ணு. வேலையா இருக்கும். ஆற அமர கேக்கட்டும்."